தடியன் கலாஸ்

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவன். துபாயில் கிடைத்தது அல் குசைஸில் ஒரு கண்ணாடிச் சுவர் கம்பெனியில் டாகுமெண்ட் கண்ட்ரோலர் வேலை. அதாவது, பிறர் எழுதிய காகிதங்களுக்கு நம்பர் போட்டு ஃபைலில் அடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஓர் எழுத்தாளனை இப்படியா அவமானப்படுத்துவது என்று ரொம்ப நாள் பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அந்த ஏற்பாடு சரிதான் என்று தோன்றுகிறது.

குடியிருந்தது கராமாவில், மெட்ரோவிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஒரே ரூமில் மூன்று இரட்டைக் கட்டில்கள், ஆறு ஆட்கள். எனக்கு ஜன்னலோர மேல்கட்டில். அதன் மெத்தைக்கு அடியில், பலகையில் வட்டமாக ஒரு பெரிய வெள்ளைக் கறை இருந்தது. அந்தக் கறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரூமுக்கு ஒரு வரலாற்று ஆசிரியர் இருந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஏ.சி. காற்று போகும் தகரக் குழாய்களான டக்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். நாங்கள் ஸ்டோர் அண்ணாச்சி என்போம். ஸ்டோரில் ஓர் ஆணி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எழுதி வைக்க வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம் அவரோடு ரூமுக்கும் வந்துவிட்டது. வருஷா வருஷம் கம்பெனி கொடுக்கும் குட்டி டைரியில் ரூமில் நடந்ததையெல்லாம் எழுதுவார். ஒரு நாளைக்கு மூன்றே வரிதான் இடம். அதனால் சொற்களின் வாலை வெட்டிவிடுவார். சாம்பார் ‘சாம்’ ஆகும். ஏ.சி. மெக்கானிக் ‘மெக்’ ஆவார். ‘ஏ.சி. சொட்டு. மெக் வரவில்லை. நிலா பெரிசு.’ இதுதான் அவர் நடை. மெக் வராததும் நிலா பெரிதாக இருந்ததும் அவருக்கு ஒன்றுதான்.

அவருடைய ஐந்து டைரிகளும் ஃப்ரிட்ஜின் மேல் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். யாரும் படிக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு நாடகம் எழுதித் தருகிறேன் என்று வாய்கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு நான் படித்தேன்.

இதற்குக் கல்லூரிதான் காரணம். இரண்டாம் வருஷத்தில் ஒரு பத்து மார்க் கேள்வி இருந்தது: பழைய வரலாற்றுக் குறிப்பேடுகளுக்கும் நாடகத்துக்கும் என்ன உறவு? நானூறு, நானூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு குறிப்பாளர் இருந்தார். அரசர்கள், போர்கள், வெள்ளம், கரை ஒதுங்கிய ராட்சச மீன், வானத்தில் தெரிந்த இரண்டாவது சூரியன் என்று காதில் விழுந்ததை எல்லாம் தடித்தடியான புத்தகமாகப் போட்டார். படங்களும் உண்டு. சிக்கனம் கருதி ஒரே முகத்தை நாலைந்து அரசர்களுக்குப் பயன்படுத்தினார்கள். அந்தப் புத்தகத்தை நாடகக்காரர்கள் வீட்டுச் சரக்கறை போல் நினைத்து, போய்ப் போய் எடுத்து வந்து சமைத்தார்கள். ஸ்காட்லாந்து அரசன் ஒருவன் பத்து வருஷம் நன்றாகவே ஆண்டான் என்று குறிப்பாளர் எழுதி வைத்திருந்தார். அவனை வைத்து நாடகம் போட்டவர் அந்தப் பத்து வருஷத்தைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கொலைகளை மட்டும் வைத்துக்கொண்டார். நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நல்ல பத்து வருஷத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? இதை நான் பரீட்சையில் அப்படியே எழுதினேன். ஆறு மார்க் போட்டார்கள்.

ஆகவே எனக்கு வழி தெரிந்திருந்தது. கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் ஐந்து டைரிகளோடு மேல்கட்டிலில் ஏறிப் படுத்தேன். மதியம் வரைக்கும் சாமும் மெக்குமாகவே போயிற்று. ரூமில் நல்ல காரியம் என்று ஏதாவது நடந்தால் பெரும்பாலும் அதில் ‘டக்’ என்று ஒருவர் இருந்தார். எனக்கு நேர் கீழே படுக்கும் டக்ட் ஃபிட்டர்தான் அவர். முப்பத்துமூன்று வயது, அண்ணாச்சியின் ஊர்ப்பக்கம், நான் அண்ணே என்று கூப்பிடுபவர். ‘டக் கஞ்சி வைத்தான்.’ ‘டக் எல்லார் துணியும் மடித்தான்.’ இதையெல்லாம் நான் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய டைரியில், நான் துபாய்க்கே வராத காலத்தில், கீழ்க்கண்டவற்றைப் படித்து எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததில் தலை கூரையில் இடித்தது.

‘தடியன் வந்தாச்சு. கீழே இடம் இல்லை. ஜன்னலோர மேல்கட்டிலில் படுக்க வைத்தோம்.’

‘தடியன் அப்படியே. உருண்டு டக் தலையில் விழப் பார்த்தது. துண்டால் கட்டினோம்.’

‘ஞாயிறு. இனித் தாங்காது. மலையாளி ஹோட்டலில் பெரிய கத்தி வாங்கி வந்து டக் வெட்டினான். இரண்டாக, பிறகு நாலாக. தடியன் கலாஸ். பக்கத்து ரூமுக்கும் கொடுத்தோம். மிச்சம் ஃப்ரிட்ஜில்.’

இங்கே கலாஸ் என்றால் முடிந்தது. டூட்டி கலாஸ், டீ கலாஸ், விசா கலாஸ். ஆள் கலாஸ் என்றும் படித்திருக்கிறேன், ஆனால் நாலு துண்டாக இல்லை.

நீங்கள் கேட்பது புரிகிறது. அண்ணாச்சி இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இது என்ன அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. முதல் காரணம், பயம். இரண்டாவது காரணம், கேட்டால் ஏதாவது சாதாரணமான பதில் வந்துவிடுமோ என்கிற இன்னும் பெரிய பயம். இப்படி ஒரு கதை ஒரு எழுத்தாளனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும். அதைப் போய்க் கேள்வி கேட்டுக் கெடுப்பேனா? மெத்தையைத் தூக்கி அந்த வெள்ளைக் கறையை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கழுவியிருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து என் நடத்தை மாறிவிட்டது. டக்ட் அண்ணன் வெங்காயம் நறுக்கினால் நான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றேன். மீன் குழம்பில் பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தேன். ஃப்ரிட்ஜில் வைத்த எதையும் ஒரு வாரம் தொடவில்லை. இரண்டு கிலோ இளைத்தேன்.

“ஏம் தம்பி, ஒடம்புக்கு முடியலயா? மூஞ்சி வத்திப்போச்சே,” என்றார் டக்ட் அண்ணன்.

“இல்லண்ணே, நல்லா இருக்கேண்ணே, நீங்க நல்லா இருக்கணும்ணே,” என்றேன்.

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அந்தக் கைதானே என்று நான் பின்னால் நகர்ந்தேன். காய்ச்சல் என்று நினைத்து அவர் ரசம் வைத்துக் கொடுத்தார்.

நாடகம் மூன்றே நாளில் எழுதி முடிந்தது. தடியனாக நடிக்கக் கட்டடத்துக்குக் கீழே மொபைல் கடை வைத்திருக்கும் கீழக்கரைப் பாயைப் பிடித்தேன். உடம்பு அந்தப் பாத்திரத்துக்கென்றே அமைந்தது. வசனம் கிடையாது, படுத்திருந்தால் போதும் என்றதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கதையைக் கேட்டதும்தான் யோசித்தார்.

“ஏன் தம்பி, உங்க ரூம்லயா இது நடந்துச்சு? நான் பத்து வருசமா கீழ கடை வச்சிருக்கேன், ஒரு போலீஸ் வண்டிகூட வரலையே?”

“அதான் பாய் சாமர்த்தியம்.”

“அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா நாடகம் மாஃபி, இல்லாமப் போயிடும் பாய்.”

அவர் கடையைப் பார்க்கத் திரும்பினார். வசனம் இல்லாத வேடத்துக்கு அவ்வளவுதான் அக்கறை.

ஒத்திகையை எல்லாம் கடைக்குப் பின்னால் ரகசியமாக வைத்துக்கொண்டோம். நம் ரூமின் வரலாறுதான் நாடகம், வந்து பாருங்கள் என்று மட்டும் ரூமில் சொல்லி வைத்தேன். அண்ணாச்சிக்குக் காதுவரை சிரிப்பு. தன் டைரிகளைத் தானே துடைத்து எடுத்துக் கொடுத்தார்.

இந்த நேரம் பார்த்து டக்ட் அண்ணனுக்குப் பெண் அமைந்தது. ஏற்கனவே இரண்டு இடம் கூடி வந்து கலைந்து போயிருந்தன. இது மூன்றாவது. பெண்ணுக்கு அப்பா இல்லை, தாய்மாமன் பேச்சுதான் முடிவு. மாமா சவூதியில், தம்மாமில் சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன். போட்டோவில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று ரோடு வழியாகவே துபாய்க்குப் புறப்பட்டு வருகிறார். வருகிற நாள், எங்கள் நாடகம் நடக்கிற அதே ஞாயிறு.

“மாமாவ நாடகத்துக்கே கூட்டிட்டு வாரேன் தம்பி,” என்றார் டக்ட் அண்ணன். சட்டையை இஸ்திரி போட்டபடியே பேசினார். ஒரே சட்டையை மூன்றாம் தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ரூமு எப்படின்னு அவ்வோளும் பாக்கட்டும். இதுவும் தட்டிப்போச்சுன்னா எனக்கு இனிமே யாரும் பொண்ணு தர மாட்டாவ. நாடகத்துல நம்மளப் பத்தி நல்லபடியா வருதாடே?”

கொலைகாரர் ஒருவருக்குப் பெண் கொடுக்கப் போகிறார்கள், எனக்கு மட்டும் தெரியும். மாமாவிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. சொல்லாமல் இருக்க மனசாட்சி விடவில்லை. நாடகம் சொல்லட்டும், மாமா புத்தியுள்ளவராக இருந்தால் புரிந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் இதைத்தான் அப்போது வீரம் என்று நினைத்தேன்.

கராமாவில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். சாயங்காலம் நாலு மணி. சர்க்கரைப் பொங்கல் பரிமாறி முடித்ததும் நாடகம். எங்கள் கட்டடத்துக்காரர்கள், பக்கத்துக் கட்டடத்துக் குடும்பங்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அண்ணாச்சி, அவர் பக்கத்தில் இஸ்திரிச் சட்டையோடு டக்ட் அண்ணன், அதற்குப் பக்கத்தில் நரைத்த மீசையோடு தம்மாம் மாமா.

மேடையில் இரண்டு டைனிங் டேபிளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் பாயைப் படுக்க வைத்திருந்தேன். சாவுக் களை வர வேண்டும் என்று ஒரு டப்பா பவுடரை அவர் மேல் கொட்டியிருந்தேன். முகம், கை, வயிறு எல்லாம் வெளேரென்று இருந்தன. பக்கத்தில் அண்ணாச்சியின் ஐந்து டைரிகளை அடுக்கி, அதன் முன்னால் நான் நின்று, நடுங்கும் குரலில் வாசித்தேன்.

“தடியன் வந்தாச்சு. கீழே இடம் இல்லை...”

முன் வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம். அண்ணாச்சிதான். சரி, குற்றத்தை மறைக்கச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“உருண்டு டக் தலையில் விழப் பார்த்தது!”

இப்போது டக்ட் அண்ணனும் சிரித்தார். வாய்விட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். மாமா அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார், அண்ணன் காதில் ஏதோ சொன்னார், உடனே மாமாவும் சேர்ந்துகொண்டார். பின்வரிசைகளிலோ குழந்தைகளை அம்மாக்கள் மடியில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி வாயில் முந்தானையை வைத்திருந்தார். என் சோக நாடகத்தில் கொலைகாரரும் சாட்சியும் பெண் வீட்டாரும் மட்டும் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அட்டைக் கத்தியோடு கொலைகாரன் வேடத்துக்காரரை மேடைக்குத் தள்ளிவிட்டு, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

“இரண்டாக! பிறகு நாலாக! தடியன் கலாஸ்! மிச்சம் ஃப்ரிட்ஜில்!”

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“எய்யா, ஒரு தடியங்காய வெட்டுனதுக்கா இம்புட்டுக் கூப்பாடு? வெள்ளையா சாம்பலு பூத்து, பாய் அசல் தடியங்காயாவே படுத்திருக்காருல்லா!”

“தடியங்காயா?” என்றேன். மைக் இன்னும் கையில் இருந்தது. ஹாலுக்கே கேட்டது.

“பூசணிக்கா தம்பி,” என்று பொறுமையாக விளக்கினார் டக்ட் அண்ணன். “வெள்ளப் பூசணி. எங்க பக்கம் தடியங்காம்போம். அண்ணாச்சி வால வெட்டிட்டாவ. மூணு வருசம் முந்தி அம்மாம்பெரிய காய யாரோ தந்தாவ. கீழ வைக்க எடமில்ல. உன் கட்டிலு அப்ப காலியாக் கெடந்துச்சு. அந்தச் சாம்பலு பலகையில இன்னும் இருக்குமே? மோர்க்குழம்பு வச்சு, பக்கத்து ரூமுக்கும் குடுத்தோம்.”

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பாய் டேபிளிலேயே எழுந்து உட்கார்ந்து, “நான் காய்கறியா?” என்று கேட்டார். அதுதான் அவருடைய ஒரே வசனம், நான் எழுதாதது, நாடகத்திலேயே சிறந்தது.

நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் மாமா சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். என்னையே பார்த்தார்.

“அப்ப நீரு மெய்யாவே இவரு ஆள வெட்டுனாருன்னு நெனச்சீரா?”

நான் மைக்கைக் கீழே தாழ்த்தினேன்.

“எத்தன வருசமா ஒண்ணா இருக்கிய?”

“ரெண்டு வருஷங்க.”

“ரெண்டு வருசம் கீழயும் மேலயும் படுத்தவருக்கே இவரப் பத்தி அப்படித் தோணுதுன்னா...” என்று சொல்லி நிறுத்தினார். பிறகு டக்ட் அண்ணன் பக்கம் திரும்பாமலே, “எங்க அக்கா மவளுக்கு அப்பன் இல்ல. நாந்தான் பாக்கணும்,” என்றார்.

டக்ட் அண்ணன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையின் கை மடிப்பை மட்டும் நீவிவிட்டுக்கொண்டார். மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உண்மையிலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. மூன்றாவது இடத்தையும் நானே கலைத்துவிட்டேன். பத்து நல்ல வருஷங்களைத் தூக்கிக் கடாசிய அந்த நாடகக்காரருக்காவது ஒரு வசதி இருந்தது, அவருடைய அரசன் முன் வரிசையில் வந்து உட்காரவில்லை.

அண்ணாச்சி மேடைக்கு ஏறி வந்தார். என்னைத் தாண்டிப் போய், அடுக்கியிருந்த டைரிகளில் கடைசி மூன்றை எடுத்துக்கொண்டு இறங்கி மாமாவிடம் நீட்டினார்.

“நாடகத்த விடும்வே. அவன் படிச்சவன், அப்படித்தான் இருப்பான். இத வாசியும். ‘டக்’குன்னு போட்டிருக்கது உம்ம மாப்பிள்ள.”

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டார். உதடு அசைய, விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். ஹாலில் யாரும் கிளம்பவில்லை. இவ்வளவு அமைதியை என் நாடகம் ஒரு நிமிஷம்கூடப் பெறவில்லை. பாய் பவுடரோடு மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். ஹோட்டல்காரர் எல்லாருக்கும் இன்னொரு சுற்று டீ கொடுத்தார். கஞ்சி, மடித்த துணி, ஏர்போர்ட்டுக்குச் சுமந்த பெட்டி என்று நான் தள்ளிக்கொண்டே போன பக்கங்களையெல்லாம் மாமா விடாமல் படித்தார்.

ஒரு பக்கத்தில் விரல் நின்றது. இரண்டு தடவை படித்துவிட்டுச் சத்தமாக வாசித்தார்.

“‘புது வந்தான். சாப்பிடவில்லை. மேலே ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். டக் மத்தியானத்திலேயே திரையை இழுத்து லைட்டை அணைத்தான். கேட்டால் கண் வலி என்றான். கண் வலி இல்லை.’”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “யாருய்யா இந்தப் புது?”

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விமானம் இறங்கி நேரே ரூமுக்கு வந்திருந்தேன். ஐந்து அந்நியர்கள். புதிதாக ஓர் ஆள் வந்து படுத்திருக்கிறான், பட்டப்பகலில் லைட்டை அணைத்து ஜன்னலையும் மூடுகிறார்களே, என்ன திமிர் என்று இருட்டில் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். என் அழுகையை யாரும் பார்க்கவில்லை என்று மட்டும் ஆறுதலாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நாடகத்துக்காகப் புரட்டியபோது இந்தப் பக்கத்தையும் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

“நான்தாங்க,” என்றேன். மைக் இன்னும் கையில்தான் இருந்தது. முகத்தை மறைக்க இன்னொரு கைதான் மிச்சமிருந்தது.

மாமா டைரியை மூடி, இரண்டு கையாலும் அண்ணாச்சியிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். பிறகு டக்ட் அண்ணனின் தோளில் கையைப் போட்டு, “வாரும் மாப்ள, டீ ஆறுது,” என்றார்.

மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பும் முன் ஃப்ரிட்ஜின் மேலிருந்த இந்த வருஷத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். பொங்கல் ஞாயிற்றின் மூன்று வரியும் எழுதியாகியிருந்தது.

‘நாடகம். பாய் நன்றாகப் படுத்தார். டக் கல்யாணம் உறுதி. புது மேடையில் அழுதான். லைட்டை யாரும் அணைக்கவில்லை.’